கூடம் கோணலா, கால் கோணலா?

எதிராளியின் கட்சியை அவரே தலையாட்டும்படி முதலில் எடுத்துவைத்துவிட்டு, அதன் பிறகே மறுப்பில் இறங்குவது நம்முடைய பரபக்க மரபு. உலகாயதனுக்கே அருணந்தி சிவாச்சாரியார் அந்த மரியாதையைக் காட்டியிருக்கும்போது, கறிக்கோழியின் கால் முடக்கத்தைப் பற்றிச் சென்ற இதழில் நீட்டி முழக்கியிருக்கும் நண்பருக்கு அதை நான் மறுப்பது நியாயமில்லை. அவர் சொல்வது இதுதான்: பிராய்லருக்குக் கால் விழுவது பண்ணையாளரின் கவனக்குறைவால், ஈரப் படுக்கை, நெரிசல், ஓயாத வெளிச்சம் இவையே காரணம், இனத்தின் மீதும் அதன் வளர்ச்சி வேகத்தின் மீதும் பழி போடுவது வெளிநாட்டு ஆய்வாளர்களின் பிழைப்பு, அந்த ஆய்வுகளோ கம்பி வலையும் விஷமும் வைத்து ஜோடித்தவை, கோழி நொண்டுகிறது என்பதாலேயே அதற்கு வலிக்கிறது என்று ஆகிவிடாது, எப்படியும் சாவு சொற்பம், இனப்பெருக்க நிறுவனங்களும் தேர்வு முறையால் இந்தக் கோளாறை ஏற்கெனவே சரிசெய்துவிட்டன. தீவனத்தில் வைட்டமின் டி-யும் புரோபயாட்டிக்கும் சேர்த்தால் மிச்சசொச்சமும் தீரும் என்றொரு வைத்தியக் குறிப்பு கடைசிப் பத்தியில் உண்டு. அதற்குத் தனியாக வருகிறேன். அவருடைய கட்டுரையை அவரே கவிழ்க்கும் இடம் அது.

இவற்றைத் தனித்தனியாகப் படித்தால் ஒவ்வொன்றும் பார்வைக்கு நியாயம் போலத்தான் இருக்கும். வரிசையில் நிறுத்திப் பாருங்கள். கோளாறு இனத்தில் இல்லை, ஆனால் இனத்தைத் திருத்தியதும் கோளாறு குறைந்துவிட்டது. நோய் சொற்பம், ஆனால் அதற்குக் காரணமான பண்ணையாளரின் அலட்சியம் மட்டும் மகா பெரிது. கோழிக்கு வலியில்லை, ஆனால் அதற்கு மருந்து உண்டு. இதையெல்லாம் எழுதிய பேனா ஒன்றுதானா, அல்லது ஆளுக்கொரு பத்தியாகப் பங்கு பிரித்து எழுதினார்களா?

முதலில் எலும்பைப் பார்த்துவிடுவோம். நண்பர் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். கறிக்கடையில் லெக் பீஸ் என்று நாம் கேட்டு வாங்குவதன் நடுவில் இருப்பது டிபியா. சதை திரண்ட பக்கத்து முனையில், முட்டியை ஒட்டி, எலும்பு நீளும் இடம் இருக்கிறது. வளர்ச்சித் தட்டு என்பது அதன் பெயர். அங்கே குருத்தெலும்புச் செல்கள் பெருகி, பருத்து, முதிர்ந்து, ரத்தக் குழாய்கள் உள்ளே நுழைய வழிவிட்டு மடிய வேண்டும். அவை மடிந்த இடத்தில் சுண்ணாம்பு படிந்து எலும்பாகும். நல்ல குஞ்சின் எலும்பை அந்த முனையில் நீளவாக்கில் கத்தியால் சீவினால் தட்டு மெல்லிய கீற்றாகத் தெரியும். கோளாறு கண்டதைச் சீவினால், அந்தக் கீற்றுக்குக் கீழே மங்கிய வெள்ளையாக, ஆப்பு அடித்தாற்போல, குருத்தெலும்புக் கட்டி ஒன்று எலும்புக்குள் இறங்கி நிற்கும். அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது. செல்கள் பாதி முதிர்ச்சியிலேயே நின்றுவிட்டன, மடியவில்லை. ரத்தம் நுழையாததால் சுண்ணாம்பும் வரவில்லை. மேலே உடல் பாரம் நாளுக்கு நாள் ஏறுகிறது, கீழே எலும்புக்குப் பதில் குருத்து. எலும்பு வளைகிறது, கட்டிக்குச் சற்றுக் கீழே முறிவதும் உண்டு. இதுதான் டிபியல் டிஸ்காண்ட்ரோபிளேசியா.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் லீச்சும் நெஷைமும் 1965-இல் இதை விவரித்தார்கள். ஊட்டம், மரபு, உருவவியல் என்று மூன்று பக்கத்திலிருந்தும் பார்ப்பதாக அந்தக் கட்டுரையின் தலைப்பே சொல்கிறது. தலைப்பைத் தாண்டிப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கூட ‘மரபு’ என்ற சொல்லைத் தவறவிட்டிருக்க முடியாது. பாதிக்கப்பட்ட பறவைகளிலிருந்து வம்சம் எடுத்தால் கோளாறு கூடுகிறது, பாதிக்கப்படாதவற்றிலிருந்து எடுத்தால் குறைகிறது என்பது அந்த ஆய்வு வரிசையில் வந்த முடிவு. ஒரே கூரை, ஒரே படுக்கை, ஒரே தீவனம், இரண்டு வம்சம், இரண்டு விதமான கால். ஈரமான படுக்கைதான் காரணம் என்றால், அந்த ஈரம் ஒரு வம்சத்தின் காலை மட்டும் தேடிப் பிடித்தது எப்படி?

நண்பர் கண்ட ‘ஈரத்தின் விளைவு’ எது என்பதும் எனக்குத் தெரியும். கால் மடக்கும் இடத்தில், தோலில், கறுப்பாகத் திட்டுத் திட்டாக இருக்குமே, அது. எச்சமும் ஈரமும் சேர்ந்து கிளம்பும் அம்மோனியா சுட்ட புண் அது. படுக்கை கெட்டால் அது வரும். அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் அது தோலில் இருக்கிறது. எலும்புக்குள் இறங்கிய ஆப்பு வேறு. அதோடு, கால் விழுந்த கோழி எழுந்து நடக்காமல் அதே இடத்தில் உட்கார்ந்தே கிடப்பதால்தான் பல நேரம் அந்தப் புண்ணே வருகிறது. விளைவைக் காரணமாக்கி, தோலை எலும்பாக்கி, அதன் மேல் பத்துப் பக்கம் கட்டியிருக்கிறார். கால்நடை மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவன் இப்படி எழுதினால் பேராசிரியர் தாளைத் திருப்பிக் கொடுப்பார். பத்திரிகையில் எழுதினால் அச்சேறிவிடுகிறது.

சரி, ஷெட்டுக்கே போவோம். அவருக்கு அங்கேதான் போக ஆசை. பல்லடம், உடுமலை, பொங்கலூர் பக்கத்தில் பெரும்பாலான கறிக்கோழி ஷெட்டுகள் ஒப்பந்தத்தில் ஓடுபவை. குஞ்சு கம்பெனியுடையது. தீவனம் கம்பெனி லாரியில் வந்து இறங்குகிறது. மருந்து, தடுப்பூசி, வந்து பார்த்துவிட்டு நோட்டில் எழுதிப்போகும் சூப்பர்வைசர், எல்லாமே கம்பெனி. கோழி எந்தத் தேதியில் பிடிக்கப்படும் என்பதையும் கம்பெனியே சொல்லும். பண்ணையாளர் போடுவது ஷெட், தண்ணீர், கரண்ட், தரையில் பரப்பும் தென்னை நார் மஞ்சி, வீட்டாரின் உழைப்பு. கடைசியில் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. தின்ற தீவனத்துக்கு எடை ஏறவில்லை என்றால், அதாவது எஃப்சிஆர் கெட்டால், கூலியில் கை வைப்பார்கள். சாவு கூடினாலும் அப்படியே.

இந்தக் கோளாறைப் பற்றி அறிவியல் அறிந்த காரணங்களை இப்போது அந்த லாரிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கால்சியத்துக்கும் பாஸ்பரசுக்கும் உள்ள விகிதம் கெட்டால் டிபியாவில் ஆப்பு இறங்குகிறது; ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட்ஸ் 1980-களில் இதை விரிவாகக் காட்டினார். அந்த விகிதத்தைக் கலப்பது யார்? குளோரைடு மிகுந்தால் கூடுகிறது என்பது லீச்சும் நெஷைமும் காட்டியது. உப்பை அளந்து போடுவது யார்? மக்காச்சோளத்தில் வளரும் சில ஃபியூசேரியம் பூஞ்சைகளின் நஞ்சு இதே கட்டியை உண்டாக்கும். சோளத்தை வாங்கி அரைப்பது யார்? எல்லாவற்றுக்கும் மேலாகக் குஞ்சின் மரபு. பொரிப்பகம் யாருடையது? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம் நண்பர் அதற்கும் ஒரு படி மேலே போய்விட்டார். ஆடுகிற காலும் அவர் தரப்பினுடையது, போடுகிற தாளமும் அவர் தரப்பினுடையது. கூடம் ஒன்றுதான் குடியானவனுடையது, ஆகவே கோணல் அதில்தான் இருக்கவேண்டும் என்கிறார்.

இந்த வாதத்தால் யாருக்கு லாபம் என்று கேட்பது அநாகரிகம் இல்லை. அவரே வெளிநாட்டு ஆய்வாளர்களைப் பார்த்து அதைக் கேட்டிருக்கிறார். கால் விழுவது ஷெட்டின் குற்றம் என்று நிலைநாட்டிவிட்டால் கூலியில் பிடித்தது நியாயமாகிவிடும். குஞ்சின் குற்றம் என்றாகிவிட்டால் பிடித்ததைத் திருப்பித் தரவேண்டியிருக்கும். பத்துப் பக்கத்தில் படுக்கை, வெளிச்சம், காற்றோட்டம் எல்லாம் வருகின்றன. கூலி என்ற சொல் ஓர் இடத்திலும் வரவில்லை. கறிக்கோழியைப் பற்றிக் கொங்கு நாட்டில் எழுத உட்கார்ந்து, அந்தச் சொல் வராமல் எழுதி முடிப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

நெரிசலும் வெளிச்சமும்தான் காரணம் என்பதற்கு அவர் காட்டும் சாட்சி, பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் நோல்ஸ் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வு. நல்ல சாட்சி. பிரிட்டனில் 176 மந்தைகளில் 51,000 கோழிகளை நடக்கவிட்டுப் பார்த்து, நடையை 0 முதல் 5 வரை தரம் போட்டார்கள். 0 என்றால் குறையற்ற நடை, 5 என்றால் எழவே முடியாதது. சராசரி 40 நாள் வயதில் 27.6 சதவீதக் கோழிகளுக்கு நடை கெட்டிருந்தது, 3.3 சதவீதம் ஏறக்குறைய நடக்கவே முடியாத நிலை. நெரிசலும் இருள் நேரக் குறைவும் இதில் பங்கு வகித்தன என்று அந்த ஆய்வு சொல்வது உண்மைதான். அதோடு கோழியின் மரபினம், வயது என்று மற்ற காரணங்களையும் அடுக்கிவிட்டு, நடை கெடுவதற்கான முதன்மைக் காரணங்கள் வளர்ச்சி வேகத்தோடு நேரடியாகத் தொடர்புள்ளவையே என்றும் அதே ஆய்வு, ஒளிவு மறைவில்லாமல், சுருக்கவுரையிலேயே சொல்கிறது. சாட்சியைக் கூண்டில் ஏற்றிவிட்டு, பாதி வாக்குமூலம் ஆனதும் வாயைப் பொத்தியிருக்கிறார். முழுக் கட்டுரையையும் படித்துவிட்டு அந்த வாக்கியத்தை மறைத்தாரா, அல்லது சுருக்கவுரையைக்கூடப் படிக்காமல் யாரோ எடுத்துக் கொடுத்த குறிப்பிலிருந்து எழுதினாரா என்பதை வாசகர் முடிவுசெய்யட்டும். இரண்டில் எது அவருக்குக் கௌரவம் என்பது எனக்கு விளங்கவில்லை.

அந்த வேகம் எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன், அவர் சொல்லப்போவதில்லை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978 ஆகிய ஆண்டுகளின் பழைய வம்சங்களை அழியாமல் காத்துவைத்திருக்கிறார்கள். அவற்றையும் 2005-இன் வணிக வம்சத்தையும் ஒரே தீவனம் கொடுத்து ஒன்றாக வளர்த்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். 56-ஆம் நாளில் 1957-இன் கோழி 905 கிராம், 1978-இனுடையது 1,808 கிராம், 2005-இனுடையது 4,202 கிராம். தீவனம் ஒன்று, வளர்த்த இடம் ஒன்று, ஆட்கள் ஒன்று. வித்தியாசம் முழுவதும் முட்டைக்குள்ளேயே இருந்தது. அரை நூற்றாண்டுக்குள் நாலரை மடங்கு பாரம் ஏற்றப்பட்ட பறவை இது. அதன் வளர்ச்சித் தட்டில் ஒரு செல் பிறந்து, பருத்து, மடிவதற்கு வேண்டிய அவகாசத்தையும் அதே மடங்கில் சுருக்கிவிட முடியுமா?

வளர்ச்சி வேகம் குற்றமற்றது என்று உண்மையிலேயே நம்புகிறவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் பேரண்ட் பண்ணைக்கு ஒரு நடை போய்வர வேண்டும். நாம் தின்னும் பிராய்லரின் தாய் தகப்பன் அங்கே வளர்கின்றன. அதே மரபு, அதே பசி. ஆனால் அவற்றுக்கு வயிறாரத் தீவனம் கிடையாது. அளந்து, குறைத்து, பல இடங்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போடுகிறார்கள். ஏன்? இஷ்டத்துக்குத் தின்னவிட்டால் அவை முட்டையிடும் வயதுக்கு நல்ல காலோடும் நல்ல இதயத்தோடும் வந்து சேராது. வந்தாலும் முட்டையும் கருப்பிடிப்பும் சரியாக இருக்காது. இது எந்த விலங்கு நல அமைப்பின் பிரசாரமும் அல்ல, இனப்பெருக்க நிறுவனங்களின் சொந்தக் கையேட்டில் கிராம் கணக்கில் அச்சிட்டிருக்கிற நடைமுறை. தன் மரபின்படி வளரவிட்டால் தாக்குப்பிடிக்காது என்று அதை உருவாக்கியவனே அறிந்து வாயைக் கட்டி வைத்திருக்கும் பறவையின் பிள்ளையை, வாய்க்கட்டு இல்லாமல் வளர்த்துத் தருமாறு பொங்கலூர்க்காரரிடம் இறக்கிவிட்டு, அது நொண்டினால் மஞ்சி ஈரம் என்று எழுதுவது எந்த ஊர் நியாயம்?

இனி கம்பி வலை. ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் வைட்மன் கோழிகளைக் கம்பி வலைத் தரையில் நடக்கவிட்டு முடமாக்கினார். வலையில் விட்டால் எந்தக் கோழிதான் நொண்டாது, இதுவா ஆய்வு என்று நண்பர் எள்ளி நகையாடுகிறார். நகைப்பதற்கு முன்னால் நாலு பக்கம் புரட்டியிருக்கலாம். வைட்மன் தேடியது டிபியாவின் ஆப்பை அல்ல, அதன் உறவுக்கார நோய் ஒன்றை. வேகமாக நீளும் தொடை எலும்பின் தலையிலும் டிபியாவின் தலையிலும் பாரம் தாங்காமல் குருத்தெலும்பில் நுண்ணிய பிளவுகள் விழுகின்றன. ரத்தத்தில் மிதந்துவரும் பாக்டீரியா அங்கே குடியேறி எலும்பை அழுகவைக்கிறது. இறந்த கோழியின் தொடையைத் திருகிப் பார்த்தால் எலும்பின் தலை உதிர்ந்து இடுப்புக் குழியிலேயே தங்கிவிடும். நிலையில்லாத தரையில் கால் ஊன்றும்போது அந்தப் பிளவுகள் சீக்கிரம் விழுகின்றன என்பதால், வணிகப் பண்ணையில் எங்கோ சிலவற்றில் வருவதை ஆய்வகத்தில் திட்டமிட்டு வரவழைக்க வலை பயன்பட்டது. வந்த புண், இடத்திலும் தன்மையிலும் பண்ணைக் கோழியில் காணும் புண்ணேதான். அந்த ஆய்வகத்தில் முடமான கோழிகளின் எலும்பிலிருந்து ஸ்டஃபைலோகாக்கஸ் அக்னெடிஸ் என்ற பாக்டீரியாவைப் பிரித்தார்கள். பின்னாளில் வலைமேல் நின்ற கோழிகளிடமிருந்து, அதே கூரையின் கீழ் சாதாரணப் படுக்கையில் நின்றவற்றுக்கும் நோய் காற்றுவழி பரவுவதைக் காட்டினார்கள்.

இதெல்லாம் ஏற்கமாட்டேன், வலை செயற்கை என்கிறாரா? இருக்கட்டும். ஆனால் கடைசிப் பத்தியில் புரோபயாட்டிக்கைச் சிபாரிசு செய்கிறாரே, அது கால் முடக்கத்தைக் குறைக்கும் என்று எந்தச் சோதனையில் தெரியவந்தது? வைட்மன் கம்பி வலைத் தரையை அறிமுகப்படுத்திய அதே 2012-ஆம் ஆண்டுக் கட்டுரையில். வலையும் புரோபயாட்டிக்கும் அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே அடுத்தடுத்து நிற்கின்றன. கட்டுரையின் முன்பாதி மோசடி, பின்பாதி வேதவாக்கு. முன்பாதி அவர் தரப்பின் குஞ்சைக் குற்றம் சொல்கிறது. பின்பாதியிலிருந்து ஒரு பொட்டலத்தை விற்க முடிகிறது. இதைவிடச் சுத்தமாக ஒரு மனிதர் தன் அளவுகோலைத் தானே காட்டிக்கொடுக்க முடியாது.

விஷ விவகாரமும் இதே ரகம். தைரம் என்ற பூஞ்சைக்கொல்லியைக் குஞ்சுக்குக் கொடுத்து இந்தக் கட்டியை வரவழைக்கிறார்கள், ஆகவே கோளாறே விஷத்தால் வருவது என்பது வாதம். விதை நேர்த்திக்குத் தைரம் கலக்கும் நம் விவசாயிக்கு அது என்னவென்று தெரியும். கலந்த விதையைக் கோழிக்குப் போடக்கூடாது என்பதும் தெரியும். செல் முதிராமல் நிற்பதும் ரத்தக் குழாய் நுழையாததும் எந்தக் கட்டத்தில் நடக்கின்றன என்று ஆராய, கோளாறை வேண்டிய நாளில் வரவழைக்க ஒரு வழி வேண்டும். தைரம் அந்த வழி. ஒரு விளைவைச் செயற்கையாக உண்டாக்க முடியும் என்பதால் அது இயற்கையில் வேறு காரணத்தால் வராது என்று ஆகுமா? மணிமேகலையின் 29-ஆம் காதையில் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று அறவண அடிகள் வகுத்துக் காட்டுகிறாரே, அதில் எந்தப் பெட்டியில் இதைப் போடுவது என்று யோசித்துப் பார்த்தேன். மூன்றிலும் இடம் கிடைக்கும்.

வைட்டமின் டி பற்றி ஒரு வார்த்தை. எலும்பைக் காப்பாற்றுவது சாதாரண டி-3 மாத்திரம் அல்ல, அதன் செயல்படும் வடிவம். ஸ்காட்லாந்தின் ராஸ்லின் நிறுவனத்தில் 1990-களில் கிலோ தீவனத்துக்கு மைக்ரோகிராம் கணக்கில் அதைச் சேர்த்துப் பார்த்தார்கள். கட்டி நன்றாகவே குறைந்தது. ஆனால் பயன்தரும் அளவுக்கும் ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றி வளர்ச்சியையே கெடுக்கும் அளவுக்கும் நடுவே இடைவெளி குறுகல். இதைத் ‘தீவனத்தில் கொஞ்சம் சேர்த்தால் போதும்’ என்று எழுதுவது மருத்துவக் குறிப்பு ஆகாது. மேலும், தீவனத்தில் சேர்ப்பவர் யார் என்ற பழைய கேள்வி மறுபடியும் வாசலில் வந்து நிற்கிறது.

வலி. இங்கேதான் நண்பரின் தத்துவ ஞானம் கொடிகட்டிப் பறக்கிறது. கோழிக்கு மார்புச் சதை பெருத்து உடலின் பாரமையம் முன்னால் நகர்ந்துவிட்டது, அதனால் அசைந்து அசைந்து நடக்கிறது, அதை நொண்டல் என்பது மனிதனின் கற்பனை என்கிறார். பாதி உண்மை. உடல் அமைப்பே நடையை மாற்றுகிறது என்பதை அளந்து காட்டிய ஆய்வுகள் உண்டு. (இனத்துக்கும் நடைக்கும் சம்பந்தமில்லை என்றவர், மார்பு பெருத்ததால்தான் நடை மாறியது என்று இங்கே ஒப்புக்கொள்வதையும் குறித்துக்கொள்ளுங்கள்.) ஆனால் பிரிஸ்டலில் 1999-இலும் 2000-இலும் வெளியான இரண்டு சோதனைகளை அவர் தொடவே இல்லை. முதலாவதில், நொண்டும் கோழிகளுக்கு கார்புரோஃபென் என்ற வலிநிவாரணி கொடுத்துத் தடைகள் வைத்த பாதையில் விட்டார்கள். மருந்து பெறாத நொண்டிகளைவிட வேகமாகக் கடந்தன. மார்பின் பருமனையா அந்த மருந்து குறைத்தது? இரண்டாவதில், மருந்து கலந்ததும் கலக்காததுமாக இரண்டு தீவனத்தை நிறத்தால் அடையாளம் காட்டி அருகருகே வைத்தார்கள். நொண்டும் கோழிகள் மருந்துத் தீவனத்தை நல்ல காலுள்ளவற்றைவிட அதிகம் தின்றன. கால் மோசமாக மோசமாக, அந்தப் பங்கும் கூடியது. எல்லாச் சோதனையிலும் இதே முடிவு வரவில்லை. பின்னாளில் வேறொரு குழுவுக்கு இப்படித் தெளிவான தேர்வு கிடைக்கவில்லை. நேர்மையான எதிர்வாதி அதைத்தான் எடுத்து வீசியிருப்பார், நானும் பதில் சொல்லச் சிரமப்பட்டிருப்பேன். நம் நண்பருக்கோ தனக்குச் சாதகமான ஆய்வு இருப்பதே தெரியவில்லை. தன் பக்கத்து ஆயுதக் கிடங்குக்குச் சாவி எங்கே என்று தெரியாதவரோடு போர் செய்வதில் என்ன சுகம்?

சாவு சொற்பம் என்ற கணக்கை ஒரு மூச்சில் முடித்துவிடலாம். கால் விழுந்த கோழி தானாகச் சாவதற்கு முன்பே கழித்துக் கழுத்தைத் திருகிவிடுகிறார்கள். மிச்சமுள்ளது ஆறேழு வாரத்துக்குள் கடைக்குப் போய்விடுகிறது. நோய் முற்றுவதற்குக் காலமே கொடுக்காத ஏற்பாட்டில் நோயால் சாவு குறைவு என்பது என்ன கண்டுபிடிப்பு? நோல்ஸ் குழு கண்ட 27.6 சதவீதமும், மோசமானவற்றை அவ்வப்போது கழித்துக்கொண்டே வந்த மந்தைகளில் எஞ்சி நின்றவற்றின் கணக்குதான்.

கடைசியாக அவருடைய பிரம்மாஸ்திரம்: இனப்பெருக்க நிறுவனங்கள் தேர்வு முறையால் கோளாறைக் குறைத்துவிட்டன. உண்மை. நூற்றுக்கு நூறு உண்மை. கையில் பிடிக்கும் சிறு எக்ஸ்-ரே கருவியால் உயிருள்ள பறவையின் டிபியாவைப் பார்த்து, கட்டியுள்ளவற்றை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கினார்கள். ஏவியாஜென் நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் எடின்பரோவின் மரபியலாளர்களும் சேர்ந்து, 25 ஆண்டுத் தேர்வால் தூய வம்சங்களில் கால் நலம் எப்படி மேம்பட்டது என்று 2012-இல் வெளியிட்டார்கள். நல்ல வேலை, வெளியிட்டதும் நல்லது. ஆனால் இதை நண்பர் ஏன் எடுத்து நீட்டினார்? மரபில் இல்லாத ஒன்றை மரபுத் தேர்வால் குறைக்க முடியுமா? படுக்கை ஈரத்தை எக்ஸ்-ரேயில் பார்த்தா சேவலை விலக்கினார்கள்? சாதிக்க வந்ததற்கு நேர்மாறானதைச் சாதித்துக் கொடுக்கும் ஏதுவுக்கு அளவை நூல்காரர்கள் விருத்தம் என்று பெயர் வைத்தார்கள். பாடநூலுக்கு இதைவிட நல்ல உதாரணம் அகப்படாது.

அந்தத் தேர்வு எதைக் குறைத்தது, எதைக் குறைக்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. எக்ஸ்-ரேயில் தெரிந்த டிபியா ஆப்பு குறைந்தது. அதில் தெரியாத, பிளவில் பாக்டீரியா குடியேறும் அழுகல், இன்று அமெரிக்கப் பிராய்லர்களின் கால் முடக்கத்துக்குத் தலையாய காரணமாக நிற்கிறது. காலை மேம்படுத்திய அதே 25 ஆண்டுகளில் எடை ஏற்றமும் நிற்கவில்லை. கால் நலத்துக்கும் எடைக்கும் இடையே உள்ள மரபுத் தொடர்பு கொஞ்சம் பாதகமானது, ஆனால் இரண்டையும் ஒருசேர முன்னேற்ற முடியாத அளவுக்குப் பெரியதல்ல என்பதே அந்த விஞ்ஞானிகளின் முடிவு. அப்படியானால் முடியும் என்பது தெரிந்துவிட்டது. எவ்வளவு வேகமாக என்பதுதான் பாக்கி. அது, தேர்வில் காலுக்கு எத்தனை மதிப்பெண், மார்புச் சதைக்கு எத்தனை என்று யாரோ உட்கார்ந்து போடும் கணக்கைப் பொறுத்தது.

மெதுவாக வளரும் கோழி வந்தால் கறி விலை ஏறும், ஏழைக்குப் புரதம் போய்விடும் என்ற கண்ணீரும் இரண்டு வரி சிந்தியிருக்கிறார். விலை ஏறும்தான். ஆனால் இன்றைய மலிவில் ஒரு பங்கை நொண்டிக் கோழிக்காகக் கூலியில் பிடித்தம் கொடுக்கும் பண்ணையாளர்தான் கட்டிக்கொண்டிருக்கிறார். அவரும் பணக்காரர் அல்ல.

ஆகவே நண்பர் அடுத்த கட்டுரை எழுதுவதாக இருந்தால், படுக்கையைக் கிளறியது போதும். இங்கே இறங்கும் குஞ்சின் வம்சத் தேர்வில் காலுக்கு என்ன மதிப்பெண், எந்தப் பொரிப்பகத்துக் குஞ்சில், எந்த வாரத்தில் எத்தனை சதவீதம் கால் விழுகிறது, அதில் எத்தனையைப் பண்ணையாளர் கணக்கில் எழுதினார்கள் என்பதைப் போடட்டும். சூப்பர்வைசர்களின் நோட்டில் எல்லாம் இருக்கிறது. கம்பெனியிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். அதில் அவருக்கு மட்டும் சிரமம் இருக்காது என்று நினைக்கிறேன்.